காய்ச்சல் விட்டுவிட்டதே, மகனை வீட்டுக்கு அழைத்து வரலாமா?

கேள்வி: என் 19 வயது மகனுக்கு டிங்கி. ஐந்தாம் நாளான இன்று காய்ச்சல் இல்லை. ஆனால் பிளேட்லெட் 38,000. அதை ஏற்றாமல் வார்டில் சலைன் மட்டும் ஏற்றி, அடிக்கடி இரத்தம் எடுக்கிறார்கள். ஹெமட்டோகிரிட் 40 இருந்தது, இப்போது 48. கையெழுத்துப் போட்டு அழைத்து வந்து பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா?
- ஒரு தாய், பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: இன்று வேண்டாம் அம்மா. டிங்கியில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம்.

எல்லாரும் பிளேட்லெட்டையே பார்க்கிறார்கள். உங்கள் மகன் விஷயத்தில் எனக்கு உறுத்துவது அந்த 48. ஹெமட்டோகிரிட் என்பது இரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடிக்கும் பங்கு. அது 40இலிருந்து 48, அதாவது 20 சதவீதம் ஏறியிருக்கிறது. சிவப்பணு கூடிவிட்டது என்று இதற்குப் பொருளல்ல. இரத்தமும் எலும்பைப் போல ஓர் இணைப்புத் திசுதான். எலும்பில் அணுக்களைச் சூழ்ந்திருப்பது கெட்டிப் பொருள், இரத்தத்தில் பிளாஸ்மா என்ற நீர். டிங்கியில் நுண்குழாய்களின் உட்சுவர் தளர்ந்து, பிளாஸ்மா வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் கசிகிறது. சிவப்பணுக்கள் குழாய்க்குள்ளேயே தங்கிவிடுகின்றன. ரசம் வற்றினால் உப்புக் கரிக்குமே, அதே கணக்குதான். கசிவு மிஞ்சினால் இரத்த அழுத்தம் சரிந்து, உறுப்புகளுக்கு இரத்தம் போதாத ஷாக் நிலை வரும்.

இந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். அதற்குள் எவ்வளவு சலைன் விடுவது என்பதை நாடி, அழுத்தம், சிறுநீர், ஹெமட்டோகிரிட் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். பிறகு கசிந்த நீர் தானாகவே குழாய்க்குள் திரும்பும். அப்போதும் தாராளமாகச் சலைன் ஓடினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். அடிக்கடி இரத்தம் எடுப்பது அதனால்தான்.

இரத்தக் கசிவு இல்லாதவருக்குப் பிளேட்லெட் ஏற்றிப் பயனில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 20,000க்குக் கீழே இறங்கிய பெரியவர்களுக்கே ஏற்றிப் பார்த்தார்கள். இரத்தப்போக்கு குறையவில்லை, ஒவ்வாமை போன்ற பக்கவிளைவுகள்தான் கூடின. வைரஸ் அடங்கியதும் எலும்பு மஜ்ஜையே புதிய பிளேட்லெட்டுகளை உண்டாக்கும். பெரும்பாலும் வெள்ளை அணுக்கள் முதலில் ஏறும், பிளேட்லெட் பின்னால் வரும்.

பப்பாளி இலைச் சாறு எண்ணிக்கையைச் சற்று உயர்த்தலாம் என்று சில சிறு ஆய்வுகள் உண்டு. கசிவை அது நிறுத்தும் என்பதற்குச் சான்றில்லை. அந்தக் கசப்பில் பையன் வாந்தி எடுத்தால், அது நோயின் வாந்தியா சாற்றின் வாந்தியா என்று வார்டில் குழம்புவார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது: தாங்க முடியாத வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கருப்பு மலம், கைகால் சில்லிடுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமை, அளவுக்கு மீறிய சோர்வு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே தாதியைக் கூப்பிடுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் வார்டில் கொடுத்தால்தான். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் கூடவே கூடாது. வீடு திரும்பிய பின்னும் பிளேட்லெட் சரியாகும் வரை பந்து விளையாட்டு வேண்டாம், தசையில் ஊசி போடக் கூடாது.