அச்சாரமாகக் கொடுத்த ஸ்தோத்திரம்

கேள்வி: எங்கள் வீட்டில் இரவு ஜெபம் தவறுவதே இல்லை. ஆளுக்கொரு ஸ்தோத்திரம், அதாவது ஒரு நன்றித் துதி, சொன்ன பிறகுதான் விண்ணப்பங்களுக்குப் போவோம். என் தாயார் இறந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. அன்று முதல் பதினைந்து வயது மகள் ஜெபத்தில் வாயைத் திறப்பதில்லை. தாயார் படுக்கையில் இருந்தபோது, 'பாட்டிக்குச் சுகம் கொடுத்துவிட்டீர், ஸ்தோத்திரம்' என்று எங்கள் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னவள் அவள். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்று ஆபகூக் தீர்க்கதரிசி சொல்லும் ஆபகூக் 3:17-18-ஐ வாசிக்கவைத்தேன், பயனில்லை. இப்போது அவளுடைய போனை வாங்கி வைத்திருக்கிறேன். மூத்த மகனுக்கு வேலை தட்டிக்கொண்டே போகிறது. ஒருவர் துதிக்காமல் இருந்தால் குடும்பத்தின் ஜெபமே தடைபடுமா? அவளைத் துதிக்கவைக்க என்ன செய்வது?

பதில்: ஐயா, இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. ஒரு கடிதத்தில் துதிக்காதவர் கணவர், இன்னொன்றில் மருமகள். எழுதுகிறவர் மட்டும் எப்போதும் ஒழுங்காகத் துதிக்கிறவராகவே இருக்கிறார்.

உங்கள் கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டு, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். 'பாட்டிக்குச் சுகம் கொடுத்துவிட்டீர்' என்று உங்கள் மகள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னாள் என்கிறீர்கள். அவள் அப்படிச் சொன்ன நேரத்தில் உங்கள் தாயார் எழுந்து நடந்துகொண்டா இருந்தார்? படுக்கையில் கிடந்தார். அந்த வாக்கியத்தை ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் தானாகவா கண்டுபிடித்தாள்? கிடைக்காததைக் கிடைத்துவிட்டதாகச் சொல்லி நன்றி செலுத்தினால் கிடைத்தே தீரும் என்று உங்கள் வீட்டில் யாரோ அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஜெபத்தை நடத்துகிறவர் நீங்கள். ஆகவே உங்களைத்தான் கேட்கிறேன்.

அவள் அதை நம்பினாள். மற்றவர்கள் வழக்கத்துக்காகச் சொன்னீர்கள்; அவள் தன்னிடம் இருந்ததையெல்லாம் அச்சாரமாகக் கொடுத்துவிட்டாள். பாட்டி போய்விட்டார். நீங்கள் அடுத்த விண்ணப்பத்துக்கு, மகனுடைய வேலைக்கு, நகர்ந்துவிட்டீர்கள். அவளால் அப்படி நகர முடியவில்லை. இரவில் வட்டமாக உட்காருகிறீர்கள், முறை அவளிடம் வருகிறது. எல்லாரும் கண்ணை மூடியிருக்க, நீங்கள் மட்டும் அரைக்கண்ணால் அவள் உதடு அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அந்த வீட்டில் போன முறை சொன்ன ஸ்தோத்திரம் என்ன ஆயிற்று என்று யோசிக்கிற ஒரே ஆள் அவள்தான். அதை அவிசுவாசம் என்று நினைத்து போனைப் பறித்திருக்கிறீர்கள்.

ஆபகூக்கை வாசிக்கவைத்தீர்களாம். அது மூன்றே அதிகாரம் கொண்ட புத்தகம், முழுவதையும் வாசிக்கவைத்திருக்கலாமே! முதல் அதிகாரம் இரண்டாம் வசனத்தில் தீர்க்கதரிசி எடுத்த எடுப்பில் என்ன சொல்கிறார் தெரியுமா? 'கர்த்தாவே, நான் எதுவரைக்கும் உம்மை நோக்கிக் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே!' வழக்காடிக்கொண்டுதான் உள்ளே வருகிறார். பதில் வருகிறது. அது அவருக்கு ஒப்பவில்லை, மறுபடியும் கேட்கிறார். இரண்டாம் அதிகாரத் தொடக்கத்தில், தன் முறையீட்டுக்கு என்ன பதில் வருகிறது என்று காவலில் நின்று பார்க்கப்போவதாகச் சொல்கிறார். 'முதலில் துதி, பிறகு பேசு' என்று கர்த்தர் அவரைத் தடுக்கவில்லை. பேசவிட்டுப் பதில் கொடுத்தார். இவ்வளவுக்கும் பிறகுதான் உங்கள் அத்திமரம் வருகிறது.

அந்த வசனத்தையே கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அத்திமரம் துளிர்த்துவிட்டது, ஸ்தோத்திரம் என்று அங்கே எழுதியிருக்கிறதா? துளிர்விடவில்லை, திராட்சச்செடியில் பழமில்லை, வயலில் விளைச்சலில்லை, தொழுவத்தில் மாடில்லை என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு, அதன்பிறகும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்கிறார். நீங்கள் வீட்டில் பழக்கியது இதற்கு நேர் எதிர். இல்லாததை இருப்பதாகச் சொல்லவைத்தீர்கள். அது பொய்த்துப்போனதும், இந்த வசனத்தை எடுத்து அவள் தலையில் வைத்தீர்கள்.

லாசருவின் கல்லறையில் இயேசுவே முன்கூட்டி நன்றி சொன்னாரே என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள். சொன்னார், யோவான் 11:41. அதே அதிகாரத்தின் 35-ஆம் வசனத்தில் அவர் கண்ணீர்விட்டார். சற்று நேரத்தில் உயிரோடு எழுப்பப்போகிறவனுக்காக அழுதவர் அவர். உங்கள் வீட்டில் பாட்டிக்காக அழ ஒரு இரவாவது ஒதுக்கினீர்களா? நீங்கள் அழுதீர்களா? பெற்ற தாயைப் பறிகொடுத்த மகன் எழுதிய கடிதம் இது. அதில் அவர் இறந்த செய்தி, மகள் எப்போது வாயை மூடினாள் என்று சொல்வதற்கான தேதியாக மட்டும்தான் வருகிறது.

துதி தேவையில்லை என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். துதி இல்லாத ஜெபம் நாளடைவில் தேவைப் பட்டியலாகத் தேய்ந்துவிடும். இயேசு கற்றுக்கொடுத்த கர்த்தருடைய ஜெபத்தில் அப்பம் கேட்பதற்கு முன்பே நாமம் பரிசுத்தப்படுவதாக என்று வருவது, யாரிடம் கேட்கிறோம் என்பது நமக்கு மறந்துபோகாமல் இருப்பதற்காக. அவரைக் குளிரவைத்துக் காரியம் சாதிப்பதற்காக அல்ல. 'நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன்' என்று 50-ஆம் சங்கீதத்தில் சொல்கிறவர், இரண்டே வசனம் தள்ளி ஸ்தோத்திரபலி கேட்கிறார். தமக்குக் குறையிருக்கிறது என்றா கேட்கிறார்? அவருக்கு நாம் கொடுக்கிற எதுவும் கூலியும் இல்லை, முன்பணமும் இல்லை.

சங்கீதங்கள் 150-இல் 88-ஆவதும் ஒன்று. இரவும் பகலும் கூப்பிடுகிறவரின் ஜெபம் அது. கடைசி வரிவரை ஒரு வெளிச்சமும் வராமல், தெரிந்தவர்களெல்லாம் மறைந்துபோனார்கள் என்று முடிந்துவிடுகிறது. துதியில் முடியவில்லை என்று யாரும் அதை வேதத்திலிருந்து கிழித்தெறியவில்லை. உங்கள் மகளின் மௌனத்துக்கும் ஜெபத்தில் இடமுண்டு.

தகப்பனுடைய கடமை பற்றி எனக்குப் பழைய காலத்துக் கருத்துதான். வீட்டில் ஜெபத்தை நடத்தும் உரிமை உங்களுக்கு உண்டு என்றால், அந்த ஜெபத்தில் சொல்லிக்கொடுத்தது தவறாகிப்போனபோது பிள்ளை முன்னால் தலைகுனியும் பொறுப்பும் உங்களுடையதுதான். பிள்ளைகள் மனம் தளர்ந்துபோகும்படி அவர்களைக் கோபப்படுத்தாதீர்கள் என்று கொலோசெயருக்கு எழுதிய பவுல் பிதாக்களைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். பிள்ளைகளுக்குக் கீழ்ப்படிதலைப் போதித்த கையோடு, அடுத்த வசனத்தில்.

இன்று இரவு ஸ்தோத்திரம் சொல்லும் முறையை நிறுத்துங்கள். 'பாட்டிக்குச் சுகம் கிடைத்துவிட்டது என்று உன்னைச் சொல்லவைத்தேன். அது எனக்கே தெரியாத விஷயம். சொல்லவைத்தது என் தவறு' என்று அவளிடம் சொல்லுங்கள். 'ஆனாலும்' என்று தொடங்கி ஒரு வார்த்தையும் பின்னால் சேர்க்க வேண்டாம். 88-ஆம் சங்கீதத்தை அவளை வாசிக்கச் சொல்லாமல் நீங்களே வாசியுங்கள். உங்கள் தாயாரைப் பற்றிக் கர்த்தரிடம் சொல்ல உங்களுக்கு ஏதாவது இருந்தால், அதைப் பிள்ளைகள் காதில் விழும்படி சொல்லுங்கள். குரல் உடைந்தால் உடையட்டும். அவள் பேசாமல் எழுந்துபோனால் போகட்டும். மறுபடி எப்போது வாயைத் திறக்கிறாள் என்று நாள் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். திறந்தால், அதைச் சாட்சியாக யாரிடமும் சொல்லித் திரியாதீர்கள். போதகரை அழைத்து அவளுக்குப் புத்தி சொல்லவைக்கும் எண்ணமிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

போனைக் காலையில் கொடுத்துவிடுங்கள். மகனுக்கு வேலை ஏன் அமையவில்லை என்று அவனோடு உட்கார்ந்து பேசுங்கள்; அதற்குத் தங்கையின் வாய் காரணமில்லை. அவளால்தான் உனக்குத் தடை என்று அவனிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தால், இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.