மொட்டு சொல்லும் சேதி: சிறிய லேத்தில் டூலைப் பொருத்தும் முறை

கேள்வி: ஓய்வு பெற்ற பிறகு, நீராவி எஞ்சின் மாதிரிகள் செய்யும் ஆசையில் 7 அங்குலச் சிறிய லேத் (கடைசல் எந்திரம்) ஒன்று வாங்கினேன். மூன்று மாதங்களாகியும் வேலை திருப்தியாக வரவில்லை. 12 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ராடின் முனை முகத்தைச் சீவினால் நடுவில் சிறு மொட்டு ஒன்று நிற்கிறது. டர்னிங் செய்த (சுற்றிக் கடைந்த) பரப்பு அரத்தால் ராவியதுபோல் சொரசொரப்பாக இருக்கிறது. துண்டு போடும் பார்ட்டிங் பிளேடு இரண்டு முறை உடைந்துவிட்டது. லேத் பட்டறை வைத்திருக்கும் உறவினர் வந்து பார்த்துவிட்டு, 'இது விளையாட்டுச் சாமான், விற்றுவிடுங்கள்' என்கிறார். குறை லேத்தில்தானா? (மதுரை வாசகர்)

பதில்: விற்காதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று தொல்லைகளுக்கும் பெரும்பாலும் ஒரே வேர்தான்: டூலின் (வெட்டும் உளியின்) முனை ஜாப்பின் (கடையும் துண்டின்) மையத்துக்கு நேராக இல்லை. உங்கள் உறவினரின் பட்டறை லேத் ஒரு டன்னுக்கு மேல் எடை இருக்கும். டூல் அரை மில்லிமீட்டர் ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் அது தன் பாரத்தாலேயே சமாளித்துக்கொண்டு வெட்டும். உங்களுடையது சுமார் 40 கிலோ. அதற்கு அந்தப் பாரம் கிடையாது. அதில் நல்ல வேலை வர வேண்டுமானால், டூலைப் பொருத்துவதில் நாம் காட்டும் கவனத்தைத்தான் நம்ப வேண்டும்.

முதலில் அந்த மொட்டைப் பாருங்கள். அதைக் குறையாக நினைக்காதீர்கள், இலவசமாகக் கிடைத்த அளவுகோல் அது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி, டூல் மாற்றியதும் எதையும் அளக்கமாட்டார். ஒரு துண்டுக் கம்பியின் முகத்தை மெல்லியதாக ஒரு முறை சீவுவார், லேத்தை நிறுத்துவார், நடுவை விரல் நகத்தால் தடவிப் பார்ப்பார். நகம் தட்டினால், டூலை உயர்த்த அதன் அடியில் வைக்கும் பேக்கிங் தகட்டை எடுப்பார். நீங்கள் நகத்துக்குப் பதில் வெர்னியர் காலிப்பரை வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும் மொட்டு, வெட்டிய குச்சிபோல் நேரான உருளையாக இருந்தால் டூல் மையத்துக்குக் கீழே இருக்கிறது என்று பொருள். மொட்டின் விட்டத்தில் சரிபாதிதான் டூல் இறங்கியிருக்கும் அளவு. மொட்டு 0.8 மி.மீ. என்றால் 0.4 மி.மீ. பேக்கிங் வைத்தால் போதும். மாறாக, மொட்டு கூம்பாக நசுங்கி, ஒரு பக்கம் தேய்த்துத் தள்ளப்பட்டதுபோல் பளபளத்தால் டூல் மையத்துக்கு மேலே இருக்கிறது. அப்போது அளந்து பயனில்லை. டூலைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கித்தான் பார்க்க வேண்டும்.

அரை மில்லிமீட்டருக்கு ஏன் இவ்வளவு கவலை என்று கேட்பீர்கள். ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். டூலின் முன்முகம் ஜாப்பை உரசாமலிருக்க, கீழ்நோக்கி 6 முதல் 8 டிகிரி வரை சரித்துச் சாணை பிடித்திருப்பார்கள். இதுதான் கிளியரன்ஸ் கோணம். 50 மி.மீ. விட்டமுள்ள ஜாப்பில் டூல் 0.5 மி.மீ. உயர்ந்து நின்றால் இந்தக் கோணத்தில் சுமார் 1 டிகிரிதான் குறையும், தெரியவே தெரியாது. உங்கள் 12 மி.மீ. ராடில் அதே 0.5 மி.மீ. பிசகு கிட்டத்தட்ட 5 டிகிரியைத் தின்றுவிடும். அதை 6 மி.மீ. அளவுக்குக் கடைந்து இறக்கும்போது ஒன்பதரை டிகிரி போய்விடும். 7 டிகிரி வைத்திருந்த டூலில் மிச்சம் ஒன்றும் இல்லை. முனை வெட்டாமல் அதன் அடிவயிறு ஜாப்பை உரசும். பரப்பு அரம் போட்டதுபோல் வருவது இதனால்தான். டூல் கீழே இருந்தால் கதை மாறும்: கிளியரன்ஸ் கூடும், ஆனால் சீவலைத் தூக்கிவிடும் மேற்பரப்பின் சாய்வான ரேக் கோணம் அதே அளவு குறையும். முனை சீவுவதற்குப் பதில் ஜாப்பை இடித்துத் தள்ளும். ஜாப் டூலின் மேல் ஏறி உட்காரப் பார்க்கும். உங்கள் உறவினர் பெரிய ஷாப்ட்டுகளையே கடைகிறார் என்றால், இந்தத் தொல்லை அவர் கண்ணில் படாததில் வியப்பில்லை. சிறிய விட்டங்களை நம்பியே இருப்பது நம் வேலை.

மொட்டை அளக்கும் முன்னரே தோராயமாக உயரம் வைக்க ஒரு வழி உண்டு. ஏற்கெனவே கடைந்த வழவழப்பான ராடை சக்கில் (ஜாப்பைக் கவ்விச் சுழற்றும் பிடியில்) பிடித்து, லேத்தை முழுவதுமாக நிறுத்திவிட்டு, மெல்லிய 6 அங்குல எஃகு ஸ்கேலை ராடுக்கும் டூல் முனைக்கும் நடுவில் செங்குத்தாக நிறுத்துங்கள். டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடைப் பட்டும் படாமலும் முன்னால் கொண்டுவந்தால் ஸ்கேல் அங்கேயே பிடிபட்டு நிற்கும். நேராக நின்றால் டூல் மையத்தில் இருக்கிறது. ஸ்கேலின் மேல்முனை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் கீழே, அப்பால் சாய்ந்தால் டூல் மேலே. கடினமான, ஆனால் எளிதில் நொறுங்கும் கார்பைடு முனையில் இதைச் செய்யும்போது மிக மெதுவாகத் தொட வேண்டும், அழுத்தினால் முனை சில்லு பெயர்ந்துவிடும்.

சக்குக்கு எதிரே நிற்கும் டெயில் ஸ்டாக்கில் உள்ள சென்டரின் கூர்மைக்கு நேராக டூலை வைக்கும் வழக்கம் நம் பட்டறைகளில் இருக்கிறது. மலிவு விலைச் சிறிய லேத்துகளில் டெயில் ஸ்டாக்கே கொஞ்சம் ஏறியோ இறங்கியோ இருப்பதுண்டு. அதனால் அதை ஆரம்பத்துக்கு மட்டும் நம்புங்கள், முடிவை மொட்டு சொல்லட்டும். மொட்டே இல்லாமல் ஒரு முகம் சீவி முடித்த அன்று, டூலை அசைக்காமல், கிராஸ் ஸ்லைடின் மேற்பரப்பிலிருந்து முனை வரை உள்ள உயரத்தை அளந்து, அதே உயரத்துக்கு ஒரு ராடு துண்டைக் கடைந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் லேத்துக்கென்றே ஆன உயர கேஜ் அது. அடுத்த டூலை வைக்கும்போது அந்தத் துண்டை அருகில் நிறுத்தி நகத்தால் தடவிப் பார்த்தால் பத்து விநாடியில் வேலை முடிந்துவிடும்.

பேக்கிங்குக்கு ஆக்ஸா பிளேடு துண்டு நல்லது, சுமார் 0.65 மி.மீ. கனம் வரும். பற்களைச் சாணையில் தேய்த்து எடுத்துவிட்டு வையுங்கள். அதைவிடக் குறைவாக வேண்டுமானால் இடைவெளி அளக்கும் பழைய ஃபீலர் கேஜ் தகடுகளைப் பயன்படுத்துங்கள். அட்டை, காகிதம், டேப் எதுவும் கூடாது, அழுத்தத்தில் நசுங்கும். தகடு டூலின் அடிப்பாகம் முழுவதையும் தாங்க வேண்டும். முன்னால் மட்டும் சொருகினால் டூல் தூக்கிக்கொண்டு நிற்கும். குறைந்தது இரண்டு ஸ்குரூக்களை மாறி மாறிச் சமமாக முறுக்குங்கள். முறுக்கி முடித்த பிறகு உயரத்தை இன்னொரு முறை பாருங்கள், இறங்கியிருக்கும். உங்கள் லேத்தோடு வந்த நான்கு முக டூல் போஸ்ட்டில் (டூலைப் பிடிக்கும் கட்டையில்) 10 மி.மீ. டூல் வைத்து மையத்துக்கு மேல் போய்விட்டால் அதை இறக்க வழியில்லை. 8 மி.மீ. டூலுக்கு மாறுங்கள். உயரத் திருகு உள்ள குவிக் சேஞ்ச் போஸ்ட் வாங்க மனமிருந்தால் வாங்கலாம், பேக்கிங் தொல்லை அத்தோடு தீரும்.

அடுத்தது, டூல் எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது என்பது. நீளம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்காகும். 8 மி.மீ. டூல் போஸ்ட்டிலிருந்து 8 முதல் 12 மி.மீ. வரை நீட்டினால் போதும். டூல் போஸ்ட்டைத் தாங்கும் காம்பவுண்ட் ஸ்லைடையும் பின்னுக்கு இழுத்து, அதன் தாங்கு பலகைக்கு மேலேயே இருக்கும்படி வையுங்கள். ஸ்லைடுகளின் ஆட்டத்தைக் குறைக்கும் ஜிப் திருகுகளைக் கைப்பிடி சற்றுக் கனமாகச் சுழலும் அளவுக்கு இறுக்குங்கள். முகம் சீவும்போது கேரேஜை (ஸ்லைடுகளைத் தாங்கி லேத்தின் நீளவாக்கில் நகரும் பகுதியை) பூட்டிவிடுங்கள்.

டூலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிறிய லேத்தோடு மூக்கு மழுங்கலான, பற்றவைத்த கார்பைடு டூல்களை ஒரு பெட்டியாகக் கொடுத்துவிடுகிறார்கள். பெரிய மோட்டாரோடு ஆழமாக வெட்டத்தான் அவை ஏற்றவை. உங்கள் லேத்துக்கு எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட்டே சிறந்த துணை என்பது என் உறுதியான கருத்து. சாணைக்கல்லில் முகம் பிடிக்கும்போது பிட்டை அவ்வப்போது தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். கார்பைடை அப்படி நனைக்கக் கூடாது, வெடித்துவிடும். எம்.எஸ். ராடுக்கு முன்னும் பக்கமும் 7 டிகிரி கிளியரன்ஸ், மேலே பக்கவாட்டில் 12 டிகிரி அளவுக்கு ரேக் போதும். கடைசியில் எண்ணெய்க் கல்லில் முனையைத் தீட்டி, மூக்கை 0.3 மி.மீ. அளவுக்கு மெல்ல வளைத்துவிடுங்கள். சாணையிலிருந்து நேராக எடுத்த முனையும் கல்லில் தீட்டிய முனையும் ஒன்றல்ல என்பதை முதல் சீவலிலேயே காண்பீர்கள். நூல் நூலாகச் சுருள் வரும், ராடின் மேல் உங்கள் முகம் மங்கலாகத் தெரியும். அந்தச் சுருளைக் கையால் இழுக்காதீர்கள், பிளேடுபோல் அறுக்கும். கொக்கியால் எடுங்கள். 12 மி.மீ. ராடை எச்.எஸ்.எஸ். டூலால் வெட்டச் சுழற்சி நிமிடத்துக்கு 650 போதும், கூடவே கொஞ்சம் கட்டிங் ஆயில். பித்தளைக்கு ரேக்கே வேண்டாம், மேற்பரப்பு மட்டமாக இருக்கட்டும். சாய்வு இருந்தால் பித்தளை டூலை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இனி பார்ட்டிங் பிளேடு. இரண்டு பிளேடு உடைந்ததில் மனம் தளர வேண்டாம், பழகிய டர்னரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை இது. பிளேடின் கனம் 2 மி.மீ.க்கு மேல் வேண்டாம். வெளியே நீட்டுவது ஜாப்பின் ஆரத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக, அதாவது உங்கள் ராடுக்கு 9 மி.மீ. இருந்தால் போதும். ஜாப்புக்குச் சரியான செங்கோணத்தில் பிளேடு நிற்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் வெட்டிய பள்ளத்தின் சுவர் அதை நெரித்து முறித்துவிடும். இதைச் சோதிக்க லேத்தை நிறுத்தி, பிளேடின் பக்கவாட்டைச் சக்கின் முகத்தோடு ஒட்டிப் பாருங்கள். முழு நீளமும் வெளிச்சம் தெரியாமல் படிந்தால் சரி. உயரத்தை இங்கே இரண்டு முறை சோதியுங்கள். பிளேடு கீழே இருந்தால் ஜாப் அதன் மேல் ஏறி, கண நேரத்தில் பிளேடு போய்விடும். வெட்டும் இடம் சக்குக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் இருக்கட்டும். டெயில் ஸ்டாக்கால் மறுமுனையைத் தாங்கிக்கொண்டு ஒருபோதும் துண்டு போடாதீர்கள், அறும் நேரத்தில் இரண்டு துண்டும் பிளேடைக் கவ்விக்கொள்ளும். கேரேஜைப் பூட்டி, சுழற்சியை 250 அளவுக்குக் குறைத்து, ஆயில் விட்டுக்கொண்டே சீராக ஊட்டுங்கள். பயத்தில் நிறுத்தி நிறுத்தி ஊட்டினால் முனை உரசும், ஜாப் கிடுகிடுக்கும், பிளேடு பழுதாகும். பட்டையான சுருள் விட்டுப்போகாமல் வந்துகொண்டிருக்கும் வரை கையை எடுக்காதீர்கள்.

நீராவி எஞ்சினுக்குச் சிலிண்டர் கடையும் நாள் வரும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: துளைக்கு உள்ளே விதி தலைகீழ். துளையின் உட்புறத்தைக் கடையும் போரிங் பார் நீளமாக இருப்பதால் வெட்டும்போது கீழே வளையும், வளைந்தால் அதன் அடி துளைச் சுவரில் உரசும். அதனால் முனையை மையத்துக்கு 0.1 மி.மீ. மேலே வையுங்கள். கடைசி அளவை எட்டியதும் கிராஸ் ஸ்லைடைத் தொடாமல் அதே இடத்தில் இரண்டு மூன்று முறை போய் வாருங்கள். ஒவ்வொரு முறையும் மாவுபோல் கொஞ்சம் சீவல் விழும். அது நிற்கும்போது துளை வாயிலிருந்து அடி வரை ஒரே அளவுக்கு வந்திருக்கும்.