வாசகர் கேள்வி – பதில்: சாகச நாவலைச் சத்தமாக வாசிக்கலாமா?

மகளுக்கு 8 வயது, மகனுக்கு 5. தினமும் இரவில் பழைய சாகச நாவல் ஒன்றை இருவருக்கும் வாசித்துக் காட்ட ஆசை. எதில் தொடங்கலாம்?

தொடர்கதையாக வெளிவந்த நாவலாகப் பாருங்கள். பத்திரிகைக்கு எழுதியவர் அடுத்த இதழுக்குக் காத்திருக்க வைக்கும் இடத்தில்தான் அத்தியாயத்தை முடித்திருப்பார். ஓர் இரவுக்கு ஓர் அத்தியாயம் என்ற கணக்குக்கு அது அப்படியே பொருந்தும்.

இருவருக்கும் பொதுவாக, மரப்பொம்மைப் பையனின் கதையான ‘பினோக்கியோ’ நல்ல தொடக்கம். 1881 முதல் 1883 வரை இத்தாலியச் சிறுவர் இதழில் வந்தது. 36 அத்தியாயங்கள், பெரும்பாலும் சிறியவை. திரைப்படத்தில் பார்த்த சாதுப் பையன் இவன் இல்லை. நான்காம் அத்தியாயத்திலேயே, புத்தி சொல்லும் சில்வண்டைச் சுத்தியலை வீசிக் கொன்றுவிடுகிறான். 15ஆம் அத்தியாயத்தில் அவனையே மரத்தில் தூக்கிலிடுகிறார்கள். ஆசிரியர் முதலில் கதையை முடித்ததே அங்கேதான்! அன்று மட்டும் 16ஆம் அத்தியாயத்தையும் சேர்த்து வாசித்துவிடுங்கள்; தேவதை ஆள் அனுப்பி அவனை இறக்கிக் காப்பாற்றிவிடுவாள். ‘அடுத்து என்ன?’ என்ற ஆவலில் நிறுத்தலாம். பயத்தில் நிறுத்தினால் குழந்தை தூங்காது.

5 வயதுக்காரன் கால் மணி நேரம் கேட்டாலே பெரிய விஷயம். கையில் காகிதமும் கிரேயானும் கொடுத்துவிடுங்கள். வரைந்துகொண்டே கேட்பான், கவனம் சிதறுகிறது என்று நினைக்க வேண்டாம்.

‘புதையல் தீவு’ விறுவிறுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. பாதியில் என் பையனுக்கு (9 வயது) ஒன்றும் புரியவில்லை என்கிறான். ஏன்?

அநேகமாக 16ஆம் அத்தியாயத்தில் இருப்பீர்கள். அதுவரை கதை சொல்லிவந்தவன் ஜிம். 16 முதல் 18 வரை மருத்துவர் சொல்கிறார், 19இல் மறுபடி ஜிம். கண்ணால் படிப்பவருக்குத் தலைப்பிலேயே குறிப்பு இருக்கும். காதால் கேட்பவனுக்கோ ‘நான்’ என்றால் இன்னமும் ஜிம்தான். “இப்போது பேசுவது டாக்டர்” என்று முன்கூட்டியே சொல்லி, குரலையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்.

கப்பல் சொற்களும் படுத்தும். ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி விளக்கினால் கதை செத்துவிடும். தொடங்கும் முன் ஒரு கப்பல் படம் வரைந்து பாய்மரம், நங்கூரம், சுக்கான் எங்கே என்று காட்டிவிட்டால் போதும். பயணத்துக்கு ஆயத்தமாகும் 7 முதல் 9 வரையான அத்தியாயங்கள் சற்று மெதுவாக நகரும். இரண்டே இரவுகளில் முடித்துவிடலாம். 10இன் முடிவில், ஆப்பிள் எடுக்கப் பீப்பாய்க்குள் இறங்கிய ஜிம்மின் காதில், சமையல்காரனாகக் கப்பலில் வந்திருக்கும் கொள்ளையன் சில்வரின் பேச்சு விழுகிறது. அந்த இரவுக்கு அதைவிட நல்ல நிறுத்தம் கிடையாது. அடுத்த அத்தியாயத்தை மெல்லிய குரலில் வாசியுங்கள். ஒளிந்திருப்பவன் கேட்பது போலவே உங்கள் பையனும் கேட்பான்.

முழு நாவலா, சுருக்கப் பதிப்பா?

நாவலைப் பொறுத்தது. 1719இல் வந்த ‘ராபின்சன் குருசோ’ மூலத்தில் அத்தியாயப் பிரிவே கிடையாது, நீண்ட மத சிந்தனைகளும் உண்டு. அதற்குச் சுருக்கமே மேல். கடலடிப் பயணமான ‘இருபதாயிரம் லீக்’ நாவலில் மீன் பட்டியல்கள் பக்கம் பக்கமாக வரும். முந்தின நாளே பென்சிலால் கோடு போட்டுத் தாண்டிவிடலாம்.

சுருக்கப் பதிப்பு வாங்கும்போது உரையாடல் உள்ள ஒரு காட்சியைத் திறந்து பாருங்கள். பாத்திரங்கள் பேசாமல் ‘அவன் கோபப்பட்டான், பிறகு சமாதானமானான்’ என்று தகவலாக மட்டும் இருந்தால் வைத்துவிடுங்கள். அங்கேயே ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசித்தும் பாருங்கள். மூச்சு முட்டும் வாக்கியங்கள் என்றால் குழந்தைக்கும் புரியாது.

பழைய நாவல்களில் அடிமை முறை, பிற இனத்தவரை இழிவாகப் பேசுவது எல்லாம் வருகிறதே?

வருகிறது. குருசோவின் கப்பல் உடைவதே அடிமைகளைக் கொண்டுவரப் போகும் பயணத்தில்தான். ‘டாம் சாயர்’ கதையிலும் வசைச் சொற்கள் உண்டு. 5, 6 வயதில் அந்த வரிகளை விட்டுவிடலாம். 8 வயதுக்கு மேல் மறைக்காதீர்கள். வாசித்து நிறுத்தி, “இது அநியாயம், அன்று பலர் இதைச் சரியென்று நினைத்தார்கள்” என்று இரண்டே வரியில் சொல்லுங்கள். அதற்குமேல் அவர்கள் கேட்டால் பேசுங்கள். கேட்காவிட்டால் கதைக்குத் திரும்புங்கள். ‘எண்பது நாட்களில் உலகப் பயணம்’ வாசிப்பவர்கள் 12, 13ஆம் அத்தியாயங்களைத் தனியே ஒருமுறை படித்துவிடுவது நல்லது. உடன்கட்டை ஏற்றப்படவிருக்கும் பெண்ணைக் காப்பாற்றும் கட்டம் அது. கேள்விகள் நிச்சயம் வரும்.