பட்டறைப் பதில்கள்: கேஜ் ஒன்று சொல்கிறது, லேப்டாப் வேறொன்று சொல்கிறது

கேள்வி: அண்ணா, என் 1300 சிசி எஸ்டீமில் ஸ்பீடுயினோ ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) வைத்து, லேப்டாப்பில் ட்யூனர்ஸ்டுடியோ சாஃப்ட்வேர் மூலம் ட்யூன் செய்கிறேன். சைலன்சர் பைப்பில் காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சர் இருக்கிறது. அதன் கேஜ் ஏஇஎம் கம்பெனியின் பழைய மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஐடிலிங்கில் கேஜ் 14.7 காட்டினால் லேப்டாப் 14.4 காட்டுகிறது. ஒயரில் கொஞ்சம் வோல்ட் போகும், அதுதான் என்று விட்டுவிட்டேன். ஃபுல் த்ராட்டிலுக்கு டார்கெட் 12.6 வைத்து, பெட்ரோல் அளவைத் தானே திருத்தும் ஆட்டோட்யூனை ஓடவிட்டேன். லேப்டாப்பில் அச்சாக 12.6 வந்துவிட்டது. கேஜோ 13.5 என்கிறது. பிக்அப் முன்பைவிடக் குறைவு. 5,000 ஆர்பிஎம் பக்கம் நாக்கிங் கேட்கிறது. எதை நம்புவது?
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: தம்பி, கேஜை நம்புங்கள். இதைச் சரிசெய்யும்வரை ஃபுல் த்ராட்டில் வேண்டாம்.

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டேன். கேஜ் 14.7-இலிருந்து 13.5-க்கு இறங்கியிருக்கிறது, 1.2. அதே நேரத்தில் லேப்டாப் 14.4-இலிருந்து 12.6-க்கு, 1.8. அதாவது ஒன்றரை மடங்கு. நீங்கள் சந்தேகப்பட்டது போல ஒயரோ எர்த்தோ காரணம் என்றால், ஐடிலிங்கில் இருந்த 0.3 வித்தியாசம் ஃபுல் த்ராட்டிலிலும் ஏறக்குறைய 0.3 ஆகவே இருக்க வேண்டும். உங்களுக்கு அது 0.9 ஆகிவிட்டது. வித்தியாசம் வளர்கிறது என்றால் ஒயரை விட்டுவிடலாம், கணக்கில்தான் கோளாறு.

என்ன கணக்கு? கேஜுக்குக் காற்று-பெட்ரோல் விகிதம் நேராகத் தெரியும். ஆனால் அது ஈசியு-வுக்கு அந்த எண்ணை அனுப்புவதில்லை. ஒற்றை ஒயரில் 0 முதல் 5 வரை ஏதோ ஒரு வோல்ட்டை அனுப்புகிறது. அந்த வோல்ட்டுக்கு என்ன அர்த்தம் என்று சாஃப்ட்வேரில் நாம்தான் சொல்லிவைக்க வேண்டும். பழைய ஏஇஎம் கேஜுக்கு, வோல்ட்டை இரண்டால் பெருக்கி 10-ஐக் கூட்ட வேண்டும். 0 வோல்ட் என்றால் 10, 5 வோல்ட் என்றால் 20. இன்னோவேட் என்ற இன்னொரு கம்பெனியின் எல்சி-2 கன்ட்ரோலருக்கோ, ஃபேக்டரி செட்டிங்கில் 0 வோல்ட்டுக்கு 7.35, 5 வோல்ட்டுக்கு 22.39. அதாவது ஒரு வோல்ட்டுக்கு மூன்று. மூன்றை இரண்டால் வகுத்தால் அதே ஒன்றரை!

சரிபார்த்துவிடலாம். உங்கள் கேஜ் 14.7 காட்டும்போது அனுப்புவது 2.35 வோல்ட். அதை இன்னோவேட் கணக்கில் படித்தால் 14.42. கேஜ் 13.5 காட்டும்போது 1.75 வோல்ட், அதைப் படித்தால் 12.61. நீங்கள் எழுதிய இரண்டு எண்ணும் வந்து உட்கார்ந்துவிட்டன. சாஃப்ட்வேரின் சென்சர் லிஸ்டில் இன்னோவேட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், இல்லாவிட்டால் உங்களுக்கு முன்னால் யாரோ தேர்ந்தெடுத்ததை அப்படியே விட்டிருக்கிறீர்கள்.

இதில் உங்களைக் குறை சொல்லவும் முடியாது. இந்த இரண்டு கோடுகளும் 15.3 பக்கம் ஒன்றையொன்று வெட்டுகின்றன. அதனால் ஐடிலிங்கிலும், மிதமாக ஓட்டும்போதும் இரண்டும் ஏறக்குறைய ஒன்று போலவே தெரியும். ரிச் (பெட்ரோல் அதிகம்) பக்கம் போகப் போகத்தான் பிரியும். எஞ்சினுக்கு ஆபத்து வருவதும் அந்தப் பக்கத்தில்தான். ஐடிலிங்கில் ஒத்துப்போனால் போதும் என்று நினைப்பவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

ஆட்டோட்யூன் மீதும் தப்பில்லை. அதன் கண்ணுக்கு எஞ்சின் ரிச்சாகத் தெரிந்தது, 12.6 வரும்வரை பெட்ரோலை வெட்டியது. உண்மையில் நீங்கள் கேட்டதைவிட ஏறக்குறைய 7 சதவீதம் குறைவாக ஊற்றுகிறது. டர்போ இல்லாத எஞ்சின் என்பதால் நாக்கிங்கோடு நின்றது. டர்போ வைத்திருந்தால் இந்தக் கடிதத்தில் பிஸ்டனைப் பற்றி எழுதியிருப்பீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது. ட்யூனர்ஸ்டுடியோவில் டூல்ஸ் மெனுவுக்குள் ஏஎஃப்ஆர் (காற்று-பெட்ரோல் விகிதம்) காலிபரேஷன் இருக்கும். லிஸ்டில் சரியான மாடல் தெரிந்தால் அது. சந்தேகமாக இருந்தால் கஸ்டம் லீனியரை எடுத்து இரண்டு புள்ளிகளையும் கையால் அடியுங்கள்: 0 வோல்ட் 10, 5 வோல்ட் 20. அப்புறம் கன்ட்ரோலருக்கு எழுதும் பட்டனை அமுக்குங்கள், வெறுமனே ஜன்னலை மூடினால் ஈசியு-வுக்குப் போகாது. ஆக்ஸிஜன் சென்சர் வகை வைட்பேண்ட் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆட்டோட்யூனுக்கு முந்தைய ட்யூன் ஃபைலைத் திரும்ப ஏற்றிவிட்டு, அங்கிருந்து மறுபடி தொடங்குங்கள்.

ஏஇஎம் என்று பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அவர்களுடைய எக்ஸ் சீரீஸுக்குக் கணக்கே வேறு. 2.375-ஆல் பெருக்கி 7.3125-ஐக் கூட்ட வேண்டும். கேஜுக்குப் பின்னால் இருக்கும் மாடல் எண்ணைப் பாருங்கள்.

காலிபரேஷனுக்குப் பிறகு இரண்டு இடத்தில் ஒப்பிடுங்கள். ஐடிலிங்கில் 14.7 பக்கம் ஒருமுறை, பெட்ரோலைக் கூட்டி 12 பக்கம் கொண்டுவந்து ஒருமுறை. இரண்டிலும் ஒரே அளவு வித்தியாசம் மிஞ்சினால், அப்போது எர்த்தைத் தேடலாம்.

எர்த் விஷயத்தில் நானும் யோக்கியன் இல்லை. பல வருடத்துக்கு முன்னால் ஒரு ஜிப்சியில் வைட்பேண்ட் கன்ட்ரோலரின் (சென்சரை இயக்கும் பெட்டி) எர்த்தை டேஷ்போர்டு பிராக்கெட் போல்ட்டில் கொடுத்தேன், கைக்கு எட்டிய இடம் அதுதான். ஈசியு எர்த் எஞ்சின் பிளாக்கில். பகலில் எல்லாம் சரி. இரண்டு நாள் சாயங்காலம் உட்கார்ந்து பெட்ரோலைக் கூட்டிக் கூட்டி ட்யூன் செய்தேன், ப்ளக் கரி பிடித்ததுதான் மிச்சம். மூன்றாம் நாள் ஹெல்பர் பையன்தான் கவனித்தான், ப்ளோயரைப் போட்டால் லேப்டாப்பில் மட்டும் 0.4 லீன் (பெட்ரோல் குறைவு) பக்கம் ஏறுகிறது. இரண்டு எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தால் 0.13 வோல்ட். ஒரு வோல்ட்டுக்கு மூன்று என்ற கணக்கில் 0.4 சரியாக வருகிறது. சாயங்காலம் உள்ளே புழுங்கியதால் ப்ளோயர் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான் மர்மம். அன்றிலிருந்து கன்ட்ரோலர் எர்த்தும் ஈசியு எர்த்தும் பிளாக்கில் ஒரே போல்ட்டில்தான். சென்சருக்குள் இருக்கும் ஹீட்டரும் ஆம்பியர் கணக்கில் கரண்ட் இழுக்கும். ப்ளோயர் இல்லாவிட்டாலும் மோசமான எர்த்தை அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: பங்கில் இப்போது இ20 பெட்ரோல்தான் வருகிறது. அதற்குச் சரியான விகிதம் 14.7 அல்ல, 13.5 என்கிறார்கள். கேஜிலும் சாஃப்ட்வேரிலும் மாற்ற வேண்டுமா?
– ஈரோடு வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: ஐயா, அவர்கள் சொல்லும் 13.5 சரிதான். எத்தனாலுக்கு 9, பெட்ரோலுக்கு 14.7. இருபது சதவீதம் கலந்தால் ஏறக்குறைய அங்கேதான் வரும். ஆனாலும் மாற்ற வேண்டாம்.

சென்சருக்கு எந்த எரிபொருள் என்றே தெரியாது. அது பார்ப்பது புகையில் ஆக்ஸிஜன் மிச்சமா, பற்றாக்குறையா என்பதை. அந்த அளவுக்கு லாம்டா என்று பெயர். சரியாக எரிந்தால், எந்த எரிபொருளானாலும் லாம்டா 1. கேஜ் அதை 14.7-ஆல் பெருக்கி நமக்குக் காட்டுகிறது. ஆகவே இ20 போட்டு எஞ்சின் சரியாக எரியும்போதும் கேஜ் 14.7 என்றுதான் சொல்லும். சாஃப்ட்வேரை மட்டும் 13.5-க்கு மாற்றினால் இரண்டும் இரண்டு பாஷை பேச ஆரம்பிக்கும், அப்புறம் மேலே இருக்கும் பொள்ளாச்சித் தம்பியின் கதைதான். இரண்டையும் லாம்டாவுக்கு மாற்றிவிடுவது உத்தமம். 12.6 என்பதற்கு 0.86 என்று இருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும். எனக்கு மட்டும் இன்னும் 14.7 வாயில் வருகிறது, பழைய கை.

மாறுவது ஊற்றும் அளவுதான். கலப்பில்லாத பெட்ரோலுக்குச் செய்த ட்யூன் என்றால், அதே லாம்டா வர இ20-க்குக் கணக்குப்படி 7 முதல் 8 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டியிருக்கும். பழைய ட்யூனை அப்படியே வைத்து ஓட்டினால் எஞ்சின் லீனாக ஓடும்.

கேள்வி: வைட்பேண்ட் சென்சர் ஒயர் டேஷ்போர்டு வரை எட்டவில்லை. கனெக்டரை வெட்டி ஒயரை நீட்டலாமா? நண்பர் வெட்டித்தான் நீட்டியிருக்கிறார். பைப்பில் எந்த இடத்தில் வெல்டிங் வைப்பது?
– திருப்பூர் வாசகர்

பதில்: சென்சர் பக்கம் வெட்டவே கூடாது. போஷ் எல்எஸ்யு 4.9-இல் ஒவ்வொரு சென்சருக்கும் தனித்தனியாக அளந்து பொருத்திய ரெசிஸ்டர் ஒன்றை அந்தக் கனெக்டருக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். அது போனால் சென்சர் ஏதோ ஒரு எண்ணைக் காட்டும், நாமும் அதை நம்புவோம். இரு முனையிலும் கனெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் கேபிளை வாங்குங்கள்.

வெல்டிங் நட்டு பைப்பின் மேல்பக்கம் இருக்கட்டும். சென்சர் படுக்கைவாட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி நிமிர்ந்து நிற்க வேண்டும். காலையில் சைலன்சருக்குள் தண்ணீர் நிற்கும், சென்சரோ 780 டிகிரி செல்சியஸில் வேலை செய்யும் செராமிக். சொட்டுப் பட்டால் விரிசல் விட்டுவிடும். அதனால்தான் எஞ்சின் ஸ்டார்ட் ஆவதற்கு முன் ஹீட்டரைப் போட்டுக் காத்திருக்க வேண்டாம் என்கிறேன். சென்சரைக் கரண்ட் கொடுக்காமல் பைப்பில் சும்மா மாட்டிவைத்து ஓட்டவும் வேண்டாம், கரி அடைத்துவிடும். சென்சருக்கு முன்னால் கேஸ்கெட் லீக் இருந்தால் வெளிக்காற்று உள்ளே போய், பொய்யாக லீன் காட்டும், அதையும் பாருங்கள்.

நண்பரிடம் வெட்டிய கனெக்டரை என்ன செய்தார் என்று கேளுங்கள். குப்பையில் இன்னும் கிடந்தால் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், அந்த ரெசிஸ்டர் அதற்குள்தான் இருக்கிறது.