வறண்ட தோட்டத்துப் பூச்செடிகள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் காகிதப்பூச் செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்டது. இலை அடர்ந்திருக்கிறது, பூவே இல்லை. தினமும் தண்ணீர் விடுகிறேன், மாதந்தோறும் உரமும் வைக்கிறேன். என்ன குறை?

பதில்: குறை ஒன்றும் இல்லை, கவனிப்புதான் அளவுக்கு மீறியிருக்கிறது. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட காகிதப்பூ, மழை ஓய்ந்து மண் காயும் பருவத்தில் நன்றாகப் பூக்கும் செடி. ஈரமும் தழைச்சத்தும் தடையின்றிக் கிடைக்கும்வரை அது கொம்பு நீட்டுவதிலும் இலை விடுவதிலுமே இருக்கும். முதலில் உரத்தை நிறுத்துங்கள். மேல்மண் இரண்டு அங்குல ஆழத்துக்குக் காய்ந்து, இளந்தளிர்கள் லேசாகத் தலை சாயும்வரை காத்திருந்து, அதன் பின்னரே வேர் நன்றாக நனையும்படி தண்ணீர் விடுங்கள். நீண்டு ஓடிய கொம்புகளில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டால் பக்கக் கிளைகள் வெடிக்கும். பூ வருவது அந்தப் புதுக் கிளைகளில்தான். நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் படாத இடமென்றால் இவை எதுவும் பலிக்காது.

பூத்த பிறகு ஒரு கொத்தை அருகில் வைத்துப் பாருங்கள். நாம் இதழ் என்று எண்ணும் வண்ணப் பகுதிகள் மூன்றும் உண்மையில் இலைகள். ஒவ்வொன்றின் நடுநரம்போடும் ஒட்டி மெல்லிய குழல் ஒன்று நிற்கும். அதன் வாயில் விரிந்திருக்கும் சிறு வெள்ளைப் பூதான் மெய்யான பூ. அது வாடிய பிறகும் வண்ண இலைகள் வாரக்கணக்கில் நிற்பதால்தான் செடி நெடுநாள் பூத்தது போலத் தெரிகிறது.

கேள்வி: வறட்சியைத் தாங்கும் என்று சொல்லித் தந்த செடிகளை நட்டேன். ஒரு மாதத்துக்குள் பாதி காய்ந்துவிட்டன. அந்தப் பேச்சே பொய்யா?

பதில்: பொய்யன்று, ஆனால் பாதி உண்மை. வறட்சியைத் தாங்குவது வேரின் வேலை. தொட்டியிலிருந்து எடுத்து நட்ட செடிக்கு இருப்பதோ தொட்டியின் அளவே ஆன ஒரு வேர்க்கட்டி. அதற்கு வெளியே மண்ணில் எவ்வளவு ஈரம் இருந்தாலும், வேர் அங்கே போய்ச் சேரும்வரை செடிக்குப் பயனில்லை. ஆகவே முதல் ஆண்டு முழுவதும் அதை வறட்சி தாங்காத செடியாகவே நடத்த வேண்டும். மழைக்காலத் தொடக்கத்தில் நடுவது பாதி வேலையை முடித்துவிடும். வேர்க்கட்டியைப் போல இரு மடங்கு அகலமும் அதே ஆழமும் கொண்ட குழி போதும். தண்டின் கழுத்து மண்ணுக்குள் புதையக் கூடாது. சுருண்டு வளர்ந்த வேர்களை விரலால் பிரித்துவிட்டு நடுங்கள்.

முதல் சில வாரங்கள் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நீர் விட்டு, பிறகு இடைவெளியை மெல்ல நீட்டுங்கள். இடைவெளி நீண்டாலும் ஒருமுறை விடும் நீரின் அளவு குறையக் கூடாது, ஏனென்றால் நீர் ஆழமாக இறங்கினால்தான் வேரும் அதைத் தேடி ஆழமாக இறங்கும். நீர் விட்ட அரை மணி நேரம் கழித்து ஓரமாக ஒரு கைப்பிடி மண்ணைத் தோண்டிப் பாருங்கள். மேலே சேறாகத் தெரியும் மண், பெரும்பாலும் இரண்டு அங்குலத்துக்குக் கீழே புழுதியாகவே இருக்கும். ஓர் அடி ஆழம் நனைய வேண்டும் என்பதே அளவு. சருகு மூடாக்கு 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்கு இடுங்கள், தண்டைத் தொடாமல்.

கேள்வி: வெட்சிச் செடியின் இலை மஞ்சளாகிறது, நரம்புகள் மட்டும் பச்சை. யூரியா போட்டும் மாறவில்லை.

பதில்: எந்த இலை மஞ்சளாகிறது என்பதை முதலில் பாருங்கள். அடி இலைகள் முழுவதும் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. நுனித் தளிர்கள் மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால் இரும்புச் சத்து கிடைக்கவில்லை என்று பொருள். உங்களுடையது இதுவாகவே தெரிகிறது. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கும். சுண்ணாம்பு மிகுந்த காரமண்ணில் அது கரையாத வடிவில் முடங்கிக் கிடப்பதால் வேரால் எடுக்க முடிவதில்லை. சிமென்ட் சுவரை ஒட்டி நட்ட வெட்சியும் இவ்வாறே வெளிறும். ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் இரும்பு சல்பேட் கலந்து மாலையில் இலைகளில் தெளித்தால் அந்த இலைகள் தேறும். ஆனால் அடுத்து வரும் தளிர் மறுபடி வெளிறும். மக்கிய இலை உரத்தைத் தொடர்ந்து இடுவதும், தொட்டியில் தனி மண் கலவையில் வளர்ப்பதும் நிலையான வழிகள். காரமண்ணோடு ஆண்டுக்கணக்கில் போராடுவதைவிட, அதை இயல்பாகப் பொறுத்துக்கொள்ளும் அரளியையோ காகிதப்பூவையோ அந்த இடத்தில் நடுவதையே நான் விரும்புவேன்.

கேள்வி: வேலியோரம் அரளி வரிசை வைக்கலாமா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையும் ஆடுகளும் உண்டு.

பதில்: வேண்டாம் அம்மா. வெயில், உப்புக்காற்று, மட்டமான மண் அனைத்தையும் தாங்கிப் பூக்கும் செடி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் இலை, பூ, பட்டை, வேர் எல்லாமே நஞ்சு, இதயத்தைத் தாக்கும் நஞ்சு. காய்ந்த இலையிலும் அது குறைவதில்லை, ஆகவே வெட்டிப் போட்ட கிளைகள் ஆட்டுக்கு எட்டினாலும் ஆபத்துதான். அவற்றை எரித்துப் புகையைச் சுவாசிப்பதும் கூடாது. மஞ்சள் அரளியின் விதையும் இதே அளவு கொடியது. யாரேனும் தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வேலிக்குச் செம்பருத்தியோ, மஞ்சள் குழல்பூ பூக்கும் சொர்ணபட்டியோ வையுங்கள். சொர்ணபட்டி பூத்து முடிந்ததும் காய்களை நறுக்கிவிட வேண்டும். விதை காற்றில் பறந்து கண்ட இடமெல்லாம் முளைக்கும். செம்பருத்திக்கு நீர் சற்றுக் கூடுதலாகவே தேவைப்படும்.

கேள்வி: செம்பருத்தியில் மாவுப்பூச்சி ஓயவே இல்லை. எறும்பும் ஏறுகிறது.

பதில்: எறும்பை முதலில் தடுங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காத்து நிற்கின்றன. பொறிவண்டு போன்ற இயற்கை எதிரிகளை விரட்டவும் செய்கின்றன. பஞ்சடைந்த நுனிகளை வெட்டி அகற்றுங்கள். மீதியை நீரைப் பீய்ச்சிக் கழுவியபின், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, இலையின் அடிப்புறமும் நனையுமாறு வெயில் தாழ்ந்த வேளையில் தெளித்து, வாரம் ஒருமுறையாக மீண்டும் செய்யுங்கள். தழைச்சத்தை மிகையாக இட்டால் தளிர் மென்மையாகிப் பூச்சியை மறுபடி அழைக்கும்.

கேள்வி: நித்தியகல்யாணி நல்ல வெயிலில் செழிப்பாக இருந்தது, தொடர் மழையில் இரண்டே நாளில் துவண்டு செத்தது.

பதில்: வேரழுகல். துவண்டதைப் பார்த்து மேலும் நீர் ஊற்றியிருந்தால் நோய் விரைந்திருக்கும். மேட்டுப்பாத்தியில், மணல் கலந்த மண்ணில் நடுங்கள். அதே இடத்தில் உடனே மறுபடி நட வேண்டாம்.

கேள்வி: கனகாம்பரம் வறண்ட தோட்டத்துக்கு ஏற்றதா? என் செடி குன்றியே நிற்கிறது.

பதில்: வெயிலைத் தாங்கும், வறட்சியைத் தாங்காது. பிற்பகலில் நிழல் விழும் இடமும் சீரான ஈரமும் இருந்தால் ஆண்டின் பெரும்பகுதி பூக்கும். நீர் சரியாகக் கிடைத்தும் குன்றுகிறதென்றால் ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். வேரில் சிறு சிறு வீக்கங்கள் தென்பட்டால் அது வேர்முடிச்சு நூற்புழு. அந்தச் செடிகளை வேரோடு அகற்றி, அப்பாத்தியில் ஒரு பருவம் முழுக்கச் செண்டுமல்லியை நெருக்கமாக வளர்த்தால் நூற்புழு குறையும். அதன் பின் தொழு உரமும் வேப்பம் பிண்ணாக்கும் இட்டுப் புதிய நாற்றை நடலாம். நாற்றுக்கு விதை சேகரிப்பதானால், முற்றிய கதிரை மழை வருமுன் பறித்து மூடிய தாள் பைக்குள் வையுங்கள். காய்ந்த காயில் ஈரம் பட்டவுடன் அது பட்டென்று வெடித்து விதையைத் தூர எறிந்துவிடும்.