குறைந்த செலவில் பழைய டர்ன்டேபிள்: கேள்வி பதில்

இசைத்தட்டு கேட்கத் தொடங்கியிருக்கும் மதுரை வட்டார நண்பர்கள் பழைய டர்ன்டேபிளை, அதாவது இசைத்தட்டைச் சுழற்றிப் பாடவைக்கும் கருவியை, வாங்குவது பற்றிக் கேட்டிருந்த கேள்விகளுக்கு, என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை இங்கே தருகிறேன்.

கேள்வி (திருநகர்): ஐயா, என்னால் பன்னிரண்டாயிரம் ரூபாய் வரை செலவிட முடியும். ஒருவர் பளபளப்பான மூடியுடன் ஒரு டர்ன்டேபிளும், இன்னொருவர் மூடி உடைந்து தூசி படிந்த ஒன்றும் வைத்திருக்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: மூடியையும் மரப்பெட்டியின் மெருகையும் கணக்கில் கொள்ளாதீர்கள். தட்டு சுழலும் பேரிங், முள்ளைத் தாங்கும் ஆர்ம், மோட்டார் ஆகிய மூன்றும் நன்றாக இருந்தால் மற்றவற்றைச் சரிசெய்து கொள்ளலாம். இவற்றில் ஒன்று கெட்டிருந்தாலும் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய கருவி உங்கள் பணத்தைத் தின்றுகொண்டே இருக்கும்.

முதலில் மின்சாரம் இல்லாமல் சுழல்தட்டைக் கையால் சுற்றிவிட்டுக் காதை அருகில் வையுங்கள். உரசும் ஓசையோ கரகரப்போ கேட்டால் பேரிங் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. அடுத்து ஆர்மின் முனையை இரு விரல்களால் பற்றி மேலும் கீழும், பக்கவாட்டிலும் மிக மெல்ல அசைத்துப் பாருங்கள். இணைப்பில் சிறு ஆட்டம்கூட விரலுக்குத் தட்டுப்படக் கூடாது. பிறகு பின்பக்க எடையைத் திருகி, ஆர்ம் தராசுக் கோல்போல் சமநிலையில் மிதக்கும்படி செய்து, பக்கவாட்டில் லேசாக ஊதுங்கள். அது தயங்காமல் நகர வேண்டும். பின் எடை தொலைந்துபோன கருவியை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம், ஏனெனில் அதே மாடலுக்குரிய எடையைத் தேடிப் பிடிப்பது எளிதன்று.

வேகத்தைச் சோதிக்கத் தனிக் கருவி தேவையில்லை. சுழல்தட்டின் ஓரத்தில் சிறு காகிதத் துண்டை ஒட்டி, நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகத்தில் ஓடவிட்டு எண்ணுங்கள். மூன்று நிமிடத்தில் சரியாக 100 சுற்று வர வேண்டும். எண்ணிக்கை சற்றுக் குறைந்தால், மோட்டாரிலிருந்து சுழல்தட்டைச் சுற்றும் பெல்ட் தளர்ந்திருக்கலாம். நம் ஊர் வெயிலில் பல ஆண்டுகள் பரணில் கிடந்த ரப்பர் பெல்ட் தார்போல இளகி ஒட்டிக்கொள்வதும் உண்டு. அது பெரிய குறையில்லை. புதுப் பெல்ட் மாற்றிவிடலாம்.

பன்னிரண்டாயிரத்தையும் கருவிக்கே கொடுத்துவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கையாவது புது முள்ளுக்கும் பெல்ட்டுக்கும் ஒதுக்கி வையுங்கள். பழைய கருவியோடு வரும் முள் எத்தனை மணி நேரம் ஓடியது என்று விற்பவருக்கே தெரியாது. வைரமுனை முள்ளுக்கே 500 முதல் 1,000 மணி நேரம்தான் ஆயுள். தேய்ந்த முனை, தட்டில் இசை பதிந்திருக்கும் பள்ளத்தைச் செதுக்கிவிடும், அந்தச் சேதத்தை எந்தப் பணத்தாலும் மீட்க முடியாது.

கேள்வி (கே.கே. நகர்): வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒரு டர்ன்டேபிளைத் தருவதாகச் சொல்கிறார். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் போதுமா?

பதில்: எல்லாக் கருவிக்கும் அது போதாது. டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 110 ஆக இறக்குமே தவிர, மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றாது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50 ஹெர்ட்ஸ். ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் கொண்ட பெல்ட் வகைக் கருவிகள் அதிர்வெண்ணைப் பின்பற்றியே ஓடுவதால், 60 ஹெர்ட்ஸுக்கு அமைத்த கருவி இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 28 சுற்றுக்கும் சற்றுக் குறைவாகச் சுழலும். ஐந்து கட்டையில் பாடியவர் ஏறத்தாழ மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார். கச்சேரித் தட்டு கேட்பவர்களால் அதைப் பொறுத்துக்கொள்ளவே முடியாது. மோட்டார் அச்சில் உள்ள புல்லியை 50 ஹெர்ட்ஸுக்கு உரியதாக மாற்ற முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். டிசி மோட்டாரோ, பெல்ட் இல்லாமல் மோட்டாரே தட்டை நேராகச் சுழற்றும் குவார்ட்ஸ் கட்டுப்பாடு கொண்ட டைரக்ட் டிரைவோ ஆக இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. வோல்ட்டேஜை மட்டும் கவனித்தால் போதும்.

கேள்வி (உசிலம்பட்டி): எங்கள் ஊர் மைக்செட்காரர் ஒருவர் தொழிலை விட்டுவிட்டு, நான்கு வேகப் பழைய ரெக்கார்டு பிளேயரையும் ஒரு பெட்டி நிறையத் தட்டுகளையும் விற்கிறார். வாங்கலாமா? மாலையில் ஓட்டிப் பார்த்தபோது பாட்டு இழுத்தது.

பதில்: திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் இரவெல்லாம் ஓடிய கருவிகள் உறுதியானவை, அவற்றின் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. ஆனால் அவற்றில் முள்ளின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் செராமிக் வகையாகத்தான் இருக்கும், அதன் முள் தட்டின் மீது பல கிராம் அழுத்தத்துடன் இறங்கும். ஆகவே, விளக்கின் கீழே சாய்த்துப் பார்த்து, பள்ளம் சாம்பல் பூத்திருக்கும் தட்டுகளை ஒதுக்கிவிடுங்கள்.

பாட்டு இழுப்பதற்கு இரு காரணங்கள் இருக்கலாம். ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் சரியாகிவிட்டால் உள்ளே கிரீஸ் இறுகிவிட்டது என்று பொருள். சுத்தம் செய்து எண்ணெயிட்டால் தீரும். பம்ப்செட்டுகள் ஓடும் நேரத்தில் மட்டும் இழுத்தால் வோல்ட்டேஜ் குறைவுதான் காரணம், இந்த வகைச் சாதாரண இண்டக்ஷன் மோட்டார் குறைந்த வோல்ட்டேஜில் தளரும். எனவே காலையில் மீண்டும் ஒருமுறை போட்டுக் கேட்டபின் விலை பேசுங்கள். ‘தட் தட்’ என்ற சீரான ஓசை வந்தால், மோட்டாரிலிருந்து தட்டைச் சுழற்றும் ரப்பர் சக்கரம் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்து தட்டையாகிவிட்டது.

கேள்வி (காரைக்குடி): முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பித்தளைக் குழாய் வைத்த கிராமஃபோன் அழகாக இருக்கிறது. அதில் எல்.பி. தட்டு (33⅓ வேகத்தில் ஓடும் வினைல் தட்டு) போடலாமா?

பதில்: கூடவே கூடாது, அம்மா. அது நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுக்கானது; அதன் எஃகு ஊசி எல்.பி.யை ஒரே முறையில் அழித்துவிடும். பித்தளைக் குழாயோடு புதிதாகச் செய்த போலிகளும் சந்தையில் ஏராளம்.

கேள்வி (திருமங்கலம்): தாத்தா விட்டுச்சென்ற கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் தட்டுகள் இருக்கின்றன. 78 வேகம் உள்ள டர்ன்டேபிள் வாங்கினால் போதுமா?

பதில்: வேகத்தோடு முள்ளும் மாற வேண்டும். 78 தட்டின் பள்ளம் எல்.பி.யைவிட இரண்டு மூன்று மடங்கு அகலமானது, எல்.பி. முள்ளைப் போட்டால் அது பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் எழுப்பும். கார்ட்ரிட்ஜைக் கழற்றாமல் முள்ளை மட்டும் மாற்றக்கூடிய வகையைத் தேர்ந்தெடுங்கள். ஆடியோ டெக்னிகா நிறுவனத்தின் விஎம்95 கார்ட்ரிட்ஜ் வரிசையில் 78க்கென்றே தனி முள் கிடைக்கிறது. அரக்கு கலந்த அந்தத் தட்டுகளை ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள், மேற்பரப்பு கரைந்துவிடும்.

கேள்வி (அண்ணா நகர்): வாங்கிய டர்ன்டேபிளை ஹோம் தியேட்டரில் இணைத்தேன். ஒலி கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது, கூடவே ‘ம்ம்’ என்ற இரைச்சல். கருவி பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. மேக்னட் வகைக் கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. மேலும், தட்டில் பதியும்போதே கீழ்நாதத்தைக் குறைத்து மேல்நாதத்தைக் கூட்டியிருப்பார்கள். அந்த மில்லிவோல்ட்டைப் பெருக்கவும் நாதத்தைத் திருப்பிச் சரிசெய்யவும் ஃபோனோ பிரீஆம்ப் என்ற சிறு கருவி ஒன்று இடையில் வேண்டும். டர்ன்டேபிளின் பின்னால் தனியாகத் தொங்கும் மெல்லிய எர்த் ஒயரை அந்தப் பிரீஆம்பின் திருகில் இணைத்தால் இரைச்சல் பெரும்பாலும் அடங்கும்.

கேள்வி (மேலூர்): சென்னையிலிருந்து பார்சலில் வரவழைக்கலாமா?

பதில்: ஓடுவதை வீடியோவில் பார்த்த பிறகே பணம் அனுப்புங்கள். சுழல்தட்டையும் பின் எடையையும் கழற்றித் தனித்தனியாகச் சுற்றி, ஆர்மை அதன் தாங்கியில் கட்டி, முள்ளுக்கு உறை போட்டு அனுப்பச் சொல்லுங்கள். அப்படிச் செய்ய விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் பஸ் ஏறி நேரில் போய் எடுத்து வாருங்கள்.