மூன்று வாய்க்கு மேல் இறங்கவில்லையே, டாக்டர்!

கேள்வி: என் மகளுக்கு 2 வயது 10 மாதம். பிறந்தபோது 2.9 கிலோ, முதல் பிறந்தநாளில் 8.8 கிலோ, இப்போது 12.6 கிலோ. ஒரு வயது வரை கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டவள், இப்போது மூன்று வாய் வாங்கியதும் வாயை இறுக மூடிக்கொள்கிறாள். செல்போனைக் காட்டி, பின்னாலேயே ஓடி, ஒரு வேளைச் சாப்பாடு முடிய ஒன்றரை மணி நேரம் ஆகிறது. பாலையாவது குடிக்கட்டும் என்று தினமும் நான்கு டம்ளர் (ஒரு டம்ளர் 200 மி.லி.) கொடுக்கிறேன். 'பிள்ளை எலும்பும் தோலுமாக இருக்கிறாள்' என்கிறார் மாமியார். இந்த வயதுக்கு எவ்வளவுதான் சாப்பிட வேண்டும்? பசிக்கு டானிக் கொடுக்கலாமா?

பதில்: எடையை மூன்று கட்டமாக எழுதி அனுப்பினீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. முதல் வருடத்தில் எடை மூன்று மடங்கானது. அதே வேகத்தில் போயிருந்தால் இரண்டாவது பிறந்தநாளுக்கு 26 கிலோ இருந்திருப்பாள்! எந்தக் குழந்தையும் அப்படி வளர்வதில்லை. இரண்டு வயதுக்கு மேல் வருடத்துக்குச் சுமார் 2 கிலோதான் ஏறும். வளர்ச்சி நிதானமானால் பசியும் குறையத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைப்படி, 3 வயதுப் பெண் குழந்தையின் நடுத்தர எடை 13.9 கிலோ, 10.8 கிலோ வரை இறங்கினாலும் இயல்புதான். உங்கள் மகள் நன்றாகவே இருக்கிறாள். இந்த வயதில் கைக்குழந்தைக் கொழுப்பு கரைந்து, குழந்தை நெடுநெடுவென்று ஆகும், விலா எலும்பு லேசாகத் தெரியும். மாமியாரிடம் அட்டவணையையே காட்டிவிடுங்கள்.

அடுத்து அந்த நான்கு டம்ளர் பால். 800 மி.லி. கொழுப்பு நீக்காத பாலில் ஏறக்குறைய 500 கலோரி இருக்கிறது. அவளுக்கு ஒரு நாளைக்குத் தேவையே 1,000 முதல் 1,200 கலோரிதான். பாதி வயிறு பாலிலேயே நிரம்பிவிட்டால் தட்டில் இருப்பது எப்படி இறங்கும்? 'டாக்டர், ஒண்ணுமே சாப்பிடுறதில்லை' என்று வரும் அம்மாக்களிடம் நான் முதலில் கேட்பது பால், ஜூஸ், பிஸ்கட் கணக்கைத்தான். அதையெல்லாம் யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதே இல்லை. இன்னொன்று, பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பாலையே நம்பி வளரும் குழந்தைக்கு ரத்தசோகை வரும். ரத்தசோகை வந்தால் இருக்கிற பசியும் போய்விடும். அதனால் ஒருமுறை ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். இந்த வயதில் 11-க்குக் கீழே இருந்தால் மருந்து தேவைப்படும்.

சரி, எவ்வளவு கொடுப்பது? வயதுக்கு ஒரு மேஜைக்கரண்டி என்பது எளிய கணக்கு. உங்கள் மகளுக்கு ஒவ்வொரு பதார்த்தத்திலும் மூன்று கரண்டி வைத்தால் போதும். கேட்டால் இன்னும் வையுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். 2 முதல் 5 வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 1991-ல் அமெரிக்காவில் வெளியானது. வேளைக்கு வேளை அவர்கள் சாப்பிட்ட அளவு மூன்றில் ஒரு பங்கு வரை கூடிக் குறைந்தது. ஆனால் நாள் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் பத்து சதவீதம்தான். காலையில் குறைத்ததை மாலையில் அவர்களே சரிக்கட்டிவிடுகிறார்கள். அந்த அளவுகோலை நாம் திணித்துத் திணித்துக் கெடுத்துவிடக் கூடாது. சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அரை மணி நேரம் விழுங்காமல் உட்கார்ந்திருக்குமே குழந்தை, அது பிடிவாதம் இல்லை. 'எனக்குப் போதும்' என்று அதற்குச் சொல்லத் தெரிந்த வழி அது. பாவம், அந்த நேரத்தில் மூக்கைப் பிடித்து ஊட்டாதீர்கள், புரையேறிவிடும்.

நாளையிலிருந்து பாலை இரண்டு டம்ளராகக் குறையுங்கள், அதையும் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு முறை பழமோ முட்டையோ. மற்ற நேரத்தில் தண்ணீர் மட்டும். செல்போன் இல்லாமல் எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள், அவள் கையாலேயே எடுத்துச் சாப்பிடட்டும், சிந்தினால் சிந்தட்டும். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், திட்டாமல். முதல் சில நாட்கள் அழுவாள், உங்களுக்கும் மனசு கேட்காது. பொறுத்துக்கொள்ளுங்கள். புதிய உணவைப் பத்துப் பதினைந்து தடவை கண்ணில் காட்டிய பிறகுதான் பல குழந்தைகள் தொட்டே பார்க்கும்.

டானிக் வேண்டாம். பசிக்கு என்று விற்கும் சிரப்புகள் பலவற்றில் இருப்பது சைப்ரோஹெப்டடின் என்ற அலர்ஜி மருந்து. குடித்தால் தூங்கி விழுவாள், நிறுத்தினால் பசி பழையபடி ஆகிவிடும். எடை குறைந்தால், மாதக்கணக்கில் ஏறாமலே நின்றால், விழுங்கும்போது வலித்தால், அடிக்கடி வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். அதுவும் பசியை அடக்கிவிடும்.

கேள்வி: என் பேரனுக்கு 6 வயது. என் அளவுக்குச் சாப்பிடுகிறான். இது சரியா?

பதில்: உயரமும் எடையும் ஒத்தாற்போல் ஏறினால் சரிதான் ஐயா, ஓடியாடும் பிள்ளைக்குப் பசிக்கும். உயரத்தை முந்திக்கொண்டு எடை மட்டும் ஏறினால் இனிப்பு பானங்களையும் நொறுக்குத் தீனியையும் முதலில் நிறுத்துங்கள். ஆனால் நிறையச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போகிறான், தண்ணீர் தண்ணீர் என்று கேட்கிறான், ராத்திரியில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறான் என்றால் அன்றைக்கே ரத்தத்தில் சர்க்கரை அளவைப் பார்த்துவிட வேண்டும்.